பூகோளமா? பெயர்ப் பட்டியலா?

பூகோளப் படிப்பு என்றால் நதிகளின் பெயர், மலைகளின் உயரம், தலைநகரங்களின் பட்டியல் ஆகியவைகளை உருப்போட்டு ஒப்புவிப்பதுதான் என்று அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். கிளிப்பிள்ளையும்தான் சொன்னதைச் சொல்லுகிறது. அதைப் படிப்பு என்று சொல்லலாமா என்று கேட்கின்றோம். நூறு நதிகளின் பெயரைச் சொல்லும் பையன், தன் ஊர் ஆறு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று கேட்டால் விழிப்பானேயானால் குற்றம் யாருடையது? பையனுடையதல்ல. அவனுக்குக் கற்பித்த உபாத்தியாயரும் அப்படியே கற்பிக்கப்பட்டவர். ஆகவே பிள்ளையைத் திருத்துவதற்கு முன் உபாத்தியாயரைத் தயார் செய்யும் இடத்தைத் திருத்த வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல, செய்து காட்டப்பட்ட காரியம் என்பதற்கு அமெரிக்காவில் சிக்காகோ நகரில் வேலை செய்த ஜோனியா பேபர் அம்மையாரின் வாழ்க்கையே போதிய அத்தாட்சியாகும். 1862இல் பிறந்த இவ்வம்மையார் 1889 முதல் 1899 வரை குக் கவுண்டி நார்மல் பள்ளி என்னும் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் பூகோளப் பகுதிக்குத் தலைமை வகித்தார். பின்னர் 1901 முதல் 1921 வரை சிக்காகோ சர்வகலாசாலையின் கல்விப் பகுதியில் இருந்தார். அவர் அங்கே பட்டம் பெற்றதோ 1904இல்! கையில் பட்டம் வருமுன்னரே எத்தனையோ உபாத்தியாயர்களை உண்டாக்கி விட்டார். பட்டமே அறிவு என்று எண்ணுவோர் இதைச் சற்று யோசித்துப் பார்ப்பார்களாக.

அவரது முறை மிகவும் எளியது. மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று பூமியையே பார்க்கச் செய்வது. பார்த்ததற்குக் காரணம் கேட்கச் செய்வது. பிள்ளைகள் கையால் செய்து கற்பதற்கேற்ற பூகோள மேஜை ஒன்றை அமைத்து 1896இல் அதற்குப் பேடண்ட் உரிமையும் பெற்றார். 1898இல் சிக்காகோ பூகோளச் சங்கம் தோன்றவும் காரணமாயிருந்தார். இம்முறைக்குப் பணம் ஏது என்பார்கள் சிலர். ஆற்றங்கரைக்கு நுழைவுச் சீட்டு உண்டா?

ஆனால் "ஏன்" என்று கேட்கப் பழகிய அறிவு மலையோடும் நதியோடும் நின்று விடுவதில்லை. ஒரு தேசத்தார் உயர்ந்தவர், மற்றொரு தேசத்தார் தாழ்ந்தவர் என்று எந்த மலை சொல்லிற்று, எந்தக் கடல் சொல்லிற்று என்றும் அது கேட்கும். ஹெய்ட்டி நாட்டை அமெரிக்கப் படை 1915 முதல் 1934 வரை பிடித்து வைத்திருந்தது. 1926இல் அங்கே நேரில் சென்று விசாரித்த குழுவில் பேபர் அம்மையாரும் ஒருவர். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்திருந்த அக்குழு, படை வெளியேற வேண்டும் என்றே சொல்லிற்று. பூகோள உபாத்தியாயருக்கு இது என்ன வேலை என்று கேட்போருக்கு நாம் சொல்லுவது இதுதான்: அயலாரைப் பற்றிப் பிள்ளைகள் முதன்முதல் கேள்விப்படுவது பூகோள வகுப்பில்தான். அங்கே இகழ்ச்சியைக் கற்றால் பிற்காலத்தில் எந்தச் சட்டம் அதைத் துடைக்கும்?

இவ்வம்மையார் 1956இல் காலமானார். உருப்போடும் வழக்கமோ இன்னும் காலமாகவில்லை. பயிற்சிப் பள்ளிகளை நடத்துவோர் பரீட்சைத் தாளைத் திருத்துவதோடு நில்லாமல், நாளைய உபாத்தியாயரை ஒரு நாளாவது ஆற்றங்கரைக்கு அனுப்புவார்களா?