பத்து ஷில்லிங் உறுதி

ரொறன்ரோவில் நமது விழாக்களுக்கு இப்போது மூன்று தொடக்கங்கள்: மங்கல விளக்கு, அகவணக்கம், நில அங்கீகார உரை. முதல் இரண்டுக்கும் எழுந்து நிற்கிறோம். மூன்றாவது வாசிக்கப்படும்போது கைத்தொலைபேசியைப் பார்க்கிறோம். வாசிப்பவருக்கும் 'மிசிசாகா' என்பது பக்கத்து நகரத்தின் பெயர்தான்.

கேட்டால், "நாங்கள் அகதிகளாக வந்தவர்கள், காணியைப் பிடித்தது வெள்ளைக்காரன்" என்பார்கள். பிடித்தது அவன்தான். எப்படிப் பிடித்தான் என்றாவது தெரிந்துகொள்ளலாமே! 1787இல் மிசிசாகா மக்களிடம் வாங்கியதாகப் பிரித்தானியர் காட்டிய உறுதியில் காணியின் விபரமே இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குறிகள் தனித் தாளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் அதைச் 'சரிசெய்து', பத்து ஷில்லிங்குக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஏக்கரை எழுதிக்கொண்டார்கள். இன்றைய ரொறன்ரோவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். அங்கே நாம் வாங்கிய வீடுகளின் உறுதிகளுக்கும் மூல உறுதி அதுதான். 145 மில்லியன் டொலர் நட்டஈடு 2010இல்தான் வந்தது.

"அவர்கள் ஏன் முன்னரே வழக்குப் போடவில்லை?" என்று கேட்கும் அண்ணன்மாரும் நம்மிடையே உண்டு. 1927 முதல் 1951 வரை, அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் காணிக் கோரிக்கைக்காக அவர்களிடம் பணம் சேர்ப்பதே இந்தியர் சட்டத்தின்படி குற்றம். வழக்கறிஞருக்குக் கூலி கொடுக்கவும் வழியில்லை. உரிமை கேட்பதையே குற்றமாக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்று ஈழத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஒரு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அடைக்கப்பட்ட வதிவிடப் பாடசாலைகளை, 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 'பண்பாட்டு இனப்படுகொலை' என்றது. ஒவ்வொரு மே மாதமும் இதே சொல்லை ஏற்கச் சொல்லிக் கனடிய அரசியல்வாதிகளின் கதவைத் தட்டும் நாம், அது இவர்களுக்குப் பொருந்துமா என்று விருந்து மேசையில் விவாதிக்கிறோம். (பொருந்தாது என்பவர்களின் வாதங்கள் அப்படியே கொழும்பில் இருந்து வந்தவைபோல இருக்கின்றன.)

2021இல் இருந்து குடியுரிமைச் சத்தியத்திலேயே முதற்குடிகளின் உரிமைகளும் ஒப்பந்த உரிமைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆணைக்குழுவின் 94 கோரிக்கைகளில் கடைசி அது. நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் எத்தனையில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பொங்கலுக்கு வேட்டி கட்டி வரும் எம்பியோடு படம் எடுக்கிறோம், சீமை விசா எப்போது வரும் என்று கேட்கிறோம். கிராஸி நறோஸ் மக்களின் ஆற்றில் 1960களில் ஆலை கொட்டிய பாதரசம் எப்போது அகற்றப்படும் என்று ஒரு பொங்கலுக்காவது கேட்டோமா?