நீட்டி முழக்குறதுக்குப் பேரு எடிட்டிங் இல்ல சாமி

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது சண்டைப் பதிவு. 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்' படத்தை உயிரா நினைக்கிறவங்களோட, அதே படத்தை உயிரா நினைக்கிற இன்னொருத்தன் போடற சண்டை. பங்காளிச் சண்டைன்னு வச்சிக்கோங்களேன். படம் பார்க்காதவங்க ஓடிடாதீங்க, கதை சொல்றேன். முடிவையும் சொல்லப் போறேன். அது பிடிக்காதவங்க மட்டும் இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

ஸ்பைடர் மேன் மூணு பாகம் எடுத்தாரே சாம் ரெய்மி, அவர் அதுக்கு ரொம்ப முன்னாடி எடுத்த பேய்ப் பட வரிசைதான் 'ஈவில் டெட்'. 1981ல முதல் பாகம், 1987ல ரெண்டாவது. முதல் பாகம் நிஜமாவே வயித்தைக் கலக்கும். ரெண்டாவது கலக்கிக்கிட்டே சிரிக்க வைக்கும். மூணாவதுதான் நம்ம படம், அமெரிக்காவுல 1993 பிப்ரவரியில ரிலீஸ். இதுல பயம் ஊறுகாய் அளவுக்குத்தான், மிச்சமெல்லாம் கூத்து. ஹீரோ ஆஷ் (ப்ரூஸ் கேம்ப்பெல்) ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஊழியர். ஒரு கை கிடையாது, அந்த இடத்துல மரம் அறுக்கற செயின் சா. இந்த ஆளு காலத்துல பின்னோக்கிப் போய் கி.பி. 1300ல தொப்புன்னு விழறார். வீடு திரும்ப ஒரு மந்திரப் புத்தகம் வேணும். அதை எடுக்கும்போது மூணு வார்த்தை சொல்லணும். மூணாவது வார்த்தை மறந்து போச்சு. இருமற மாதிரி மழுப்பிட்டு புத்தகத்தைத் தூக்கிடறார். செத்தவனெல்லாம் எலும்புக்கூடா எழுந்து படை திரட்டி வர்றான். அவ்ளோதான் கதை. ஜப்பான்ல இதுக்கு 'கேப்டன் சூப்பர்மார்க்கெட்'னு பேரு வச்சாங்க. அதைவிடப் பொருத்தமான பேரு யாராலயும் வைக்க முடியாது.

இனிமே மேட்டருக்கு வருவோம். இந்தப் படம் ஒண்ணு இல்ல, பல. அமெரிக்க தியேட்டர்ல வந்தது 81 நிமிஷம். ரெய்மியோட டைரக்டர்ஸ் கட் 96 நிமிஷம். வெளிநாடுகளுக்குப் போனது 88 நிமிஷம். இது போதாதுன்னு டிவிக்குன்னு ஒரு வடிவம், அதுல மத்ததுல இல்லாத துண்டுகள் உண்டு. காரணம் வழக்கமான கதைதான். எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினப்போ முடிவு ரொம்ப சோகம்னு ஜனங்க சொன்னாங்க. யுனிவர்சல் கம்பெனி வேற முடிவு கேட்டது. ரெய்மி திரும்பப் போய் புது முடிவு எடுத்துக் கொடுத்தார்.

கம்பெனி வெட்டினதை ரசிகன் ஒட்டறான். இதுதான் ரசிகர் எடிட்டோட ஆரம்பம். இதுல எனக்குத் துளியும் ஆட்சேபணை இல்ல. "டைரக்டர் படைப்பு மேல கை வைக்க நீ யாரு"ன்னு கேக்கற கட்சியில நான் இல்லவே இல்ல. டைரக்டரே ரெண்டு மூணு விதமா விட்டுட்டுப் போன படத்துல எந்தப் படைப்பு புனிதம்? வீட்ல உக்காந்து, பைசா வருமானம் இல்லாம, ராத்திரி தூக்கம் கெட்டு இந்த வேலையைச் செய்யறவங்க மேல மரியாதைதான் இருக்கு. பொட்டி தட்டறவன்ங்கற முறையில அந்த உழைப்பு எனக்குப் புரியும். டைரக்டர்ஸ் கட்டோட கூடுதல் காட்சிகள் பழைய டிவிடியில மங்கிப் போன பிரதியில இருந்து வந்தது. ஒரு ஷாட் பளிச்சுன்னு இருக்கும், அடுத்தது கழுவாத கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி இருக்கும். அதை ஷாட் ஷாட்டா நிறம் சரி பண்ணணும். அதைவிடக் கொடுமை சத்தம். வசனமும் இசையும் ஒண்ணாக் கலந்துதான் கையில கிடைக்கும். நடுவுல நாலு செகண்ட் காட்சியைச் சொருகினா பின்னணி இசை அந்த இடத்துல நொண்டும். அதை மறைக்க இசையில இருந்தே ஒரு துண்டை வெட்டி, நீட்டி, தேய்ச்சு ஒட்டணும். சும்மா இல்ல.

ஆனா இவ்ளோ உழைச்சு என்ன பண்றாங்க? நாலு வடிவத்துலயும் இருக்கற எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கொட்டிக் கிண்டறாங்க. 96ஐயும் தாண்டற நீளம். 'முழுமையான பதிப்பு'ன்னு ஒரு லேபிள். எதையும் விடலையாம். அதுதான் பெருமையாம்.

என் கேள்வி அங்கதான் ஆரம்பிக்குது. எதையும் விடாதவன் எப்படிய்யா எடிட்டர் ஆவான்?

காமெடியோட முதல் விதியே நேரம். அந்த மூணு வார்த்தை காட்சியையே எடுத்துக்கோங்க. ஆஷ் முழிக்கறார், யோசிக்கறார், மழுப்பறார், சுத்திமுத்திப் பார்க்கறார், எல்லாம் சரின்னு நினைக்கறார், பூமி அதிருது. சிரிப்பு அந்த இடைவெளியில இருக்கு. இடைவெளி ரெண்டு செகண்ட் நீண்டா அது காமெடி இல்ல, வேடிக்கை. அஞ்சு செகண்ட் நீண்டா வேடிக்கையும் இல்ல. உடைஞ்ச கண்ணாடிச் சில்லுகள்ல இருந்து கட்டைவிரல் உசரத்துல குட்டி குட்டி ஆஷா குதிச்சு வந்து பெரிய ஆஷைப் படுத்தற காற்றாலைக் காட்சியும் இப்படித்தான். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியோட தாளத்துல விழணும். நாலு பதிப்புல இருந்து நாலு அடியை எடுத்து வரிசையா வச்சா தாளம் எங்கேர்ந்து வரும்?

"சும்மா சொல்லாதே, ஆதாரம் என்ன"ன்னா, ரெய்மியோட இன்னொரு படத்துலயே இருக்கு. 'ஸ்பைடர் மேன் 2'ல பீட்டர் பார்க்கர் சூட்டோட லிஃப்ட்ல போற சீன் எல்லாரும் பார்த்திருப்பீங்க. பக்கத்துல ஒரு ஆளு. சங்கடமான மௌனம். ரெண்டே ரெண்டு பேச்சு. தியேட்டரே சிரிச்ச சீன். 2007ல 'ஸ்பைடர் மேன் 2.1'னு சுமார் 8 நிமிஷம் கூடுதலா ஒரு டிவிடி வந்தது. அதுல இதே லிஃப்ட் சீன்ல பேச்சு நீளும். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. நீளமானதுல வசனம் அதிகம், சிரிப்பு கம்மி. இத்தனைக்கும் அது ரசிகன் செஞ்சதுகூட இல்ல, கம்பெனி சரக்கு. கூடுதல்னா உயர்வுங்கற மூடநம்பிக்கை ரசிகனுக்கு மட்டும் சொந்தம் இல்லேங்கறதுக்காகச் சொன்னேன்.

சரி, தாளம் ரசனை சம்பந்தப்பட்டதுன்னு தள்ளிடுவீங்க. அடுத்ததைத் தள்ள முடியாது.

இந்தப் படத்துக்கு ரெண்டு முடிவு. ரெய்மி முதல்ல எடுத்ததுல, ஆஷுக்கு ஒரு தைலம் கொடுக்கறாங்க. ஒரு சொட்டுக்கு ஒரு நூற்றாண்டு தூங்கலாம். இத்தனை சொட்டுன்னு கணக்கு. நம்ம ஆளு கவனம் சிதறி ஒரு சொட்டு கூடக் குடிச்சுடறார். தாடியும் மீசையுமா முழிச்சுப் பார்த்தா லண்டன் இடிஞ்சு கிடக்கு, உலகமே முடிஞ்சு போச்சு. தியேட்டருக்கு மாத்தி எடுத்ததுல, அவர் ஒழுங்கா ஊர் வந்து சேர்ந்து, கடையில பேயைச் சுட்டுத் தள்ளி, பொண்ணுக்கு முத்தம் கொடுத்து ஜம்முனு முடியும்.

இப்போ நடுவுல ஒரு வசனத்தைப் பாருங்க. கெட்ட ஆஷ் வந்து "நீ நல்லவன், நான் கெட்டவன்"னு வம்பிழுக்கறப்போ, தியேட்டர் பதிப்புல நம்ம ஆஷ், நல்லவனாவது கெட்டவனாவது, துப்பாக்கி என் கையிலன்னு பஞ்ச் அடிப்பார். டைரக்டர்ஸ் கட்டுல அதே இடத்துல, நான் ஒண்ணும் அவ்ளோ நல்லவன் இல்லன்னு மட்டும் சொல்வார். வசனம் மாறுது, முடிவு மாறுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு. தியேட்டர் பதிப்பு ஆஷ் பஞ்ச் அடிக்கற ஹீரோ, ஜெயிக்கறான். டைரக்டர்ஸ் கட் ஆஷ், சொன்னதை முழுசாக் காதுல வாங்காத ஒரு சாதா ஆளு. மூணு வார்த்தையில கோட்டை விட்டான், சொட்டுக் கணக்குலயும் கோட்டை விட்டான். அங்க சுடுகாட்டுல போட்ட ஜோக்கு கடைசி ஷாட்ல வந்துதான் முடியுது. ரெண்டு படமும் தனித்தனியா ஒழுங்கான படம்.

எங்க தொழில்ல இதுக்கு டிபென்டென்சின்னு பேரு. ஒரு லைப்ரரியோட பழைய வெர்ஷன்ல ரெண்டு ஃபங்ஷன், புது வெர்ஷன்ல ரெண்டு ஃபங்ஷன், எல்லாம் நல்லா இருக்குன்னு அள்ளி ஒண்ணாப் போட்டா கம்பைல் ஆகும். ஓடவும் ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துடும். பஞ்ச் வசனம் பிடிக்கும்னு தியேட்டர்ல இருந்து அதை எடுத்து, சோக முடிவு பிடிக்கும்னு டைரக்டர்ஸ் கட்ல இருந்து அதை எடுத்து ஒட்டினா, கெத்தா நின்ன ஹீரோ திடீர்னு காரணமே இல்லாம முட்டாள் ஆகறான். கட்டி வச்ச ஜோக்கு பாதியில அனாதை ஆயிடுது. ரெண்டு முடிவையும் எப்படியாவது வைக்கணும்னு ஆசைப்பட்டா இன்னும் மோசம். உலகம் அழிஞ்சதா இல்லையாய்யா?

"டைரக்டரே 15 நிமிஷம் கூட்டித்தானே டைரக்டர்ஸ் கட் விட்டார்"னு கேப்பீங்க. கூட்டினார், தேர்ந்தெடுத்துக் கூட்டினார். அந்தப் பஞ்ச் வசனம் ஹிட்டுன்னு தெரிஞ்சும் அவர் பதிப்புல அது இல்ல. இந்தப் படத்து டைட்டில்ல எடிட்டர் பேரைக் கவனிச்சுப் பாருங்க. பாப் முரவ்ஸ்கின்னு ஒருத்தர். கூடவே ஆர்.ஓ.சி. சாண்ட்ஸ்டார்ம்னு ஒரு பேரு. அப்படி ஒரு ஆளே கிடையாது, அது ரெய்மி வச்சுக்கிட்ட புனைபெயர். கத்திரிக்கோல் அவர் கையிலயும் இருந்தது.

அந்த முரவ்ஸ்கி கதை இன்னும் சுவாரசியம். 'தி ஹர்ட் லாக்கர்' படத்துக்காக கிறிஸ் இன்னிஸோட சேர்ந்து 2010ல ஆஸ்கர் வாங்கினவர். பின்னாடி ஆர்சன் வெல்ஸ் 1970கள்ல எடுத்து முடிக்காம விட்ட 'தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்' படத்தை முடிச்சுக் கொடுத்ததும் இவர்தான், 2018ல வந்தது. வெல்ஸ் விட்டுட்டுப் போன ஃபுட்டேஜ் கிட்டத்தட்ட 100 மணி நேரம். வந்த படம் 122 நிமிஷம். வெல்ஸ் எடுத்த ஒவ்வொரு ஃப்ரேமும் பொக்கிஷம்னு சொல்ற கூட்டம் உலகம் பூரா இருக்கு. அத்தனையும் உள்ள வச்சிருந்தா அது படமா, கிடங்கா?

அடுத்து "இது ஆவணம்ப்பா, காட்சிகள் அழிஞ்சிடக் கூடாதுல்ல"ன்னு ஒரு வாதம். பாதுகாக்க வேண்டியதுதான், யாரு வேணாம்னா? 2015ல ஸ்க்ரீம் ஃபேக்டரி போட்ட ப்ளூரேயில தியேட்டர், டைரக்டர்ஸ், இன்டர்நேஷனல், டிவின்னு நாலையும் தனித்தனியா வச்சாங்க பாருங்க, அதுதான் ஆவணம். நாலையும் கலந்து அஞ்சாவதா ஒண்ணு செஞ்சா எது எங்கேர்ந்து வந்ததுங்கற தடமே போயிடும். ஃப்ராங்க் ஓஸோட 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1986) ஞாபகம் இருக்கா? மனுஷனைத் தின்னும் செடி ஜெயிக்கற முடிவை, ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னு தூக்கிட்டு, சுப முடிவு எடுத்து ஒட்டினாங்க. 2012ல பழைய முடிவைச் சரிசெஞ்சு வெளியிட்டப்போ, சுப முடிவை எடுத்துட்டுத்தான் இதை வச்சாங்க. மீட்கறதுன்னா அப்படி.

இதுல எனக்கு ஏன் இவ்ளோ கொலவெறின்னா, பாதிக்கப்படறது புதுசா பார்க்க வர்றவன். என் ரூம்மேட் ஒருத்தன், பேய்ப் படம்னாலே நடுங்கறவன், சிரிப்புப் படம்னு சொல்லி உக்கார வச்சாங்க இன்னொரு நண்பர் வீட்ல. போட்டது இந்த 'முழுமையான' எடிட். ஒரு மணி நேரத்துல குறட்டை. "இதுக்காடா இவ்ளோ பில்டப்பு"ன்னு அவன் கேட்டப்போ எனக்குப் பதில் இருந்தது, அவனுக்குக் கேக்கப் பொறுமை இல்ல. 81 நிமிஷத்துல கத்தி மாதிரி பாயற படத்துக்கு ஒரு ரசிகனை இழந்தாச்சு. அதுவும் யாரால? அதை அதிகமா நேசிச்சவங்களால.

நேசம்னா எல்லாத்தையும் வச்சுக்கறது இல்ல. நான் எழுதின கோடுல எனக்கு ரொம்பப் பெருமை தர்றது, நானூறு வரியைத் தூக்கிட்டு அதே வேலையை அறுபது வரியில செய்ய வச்சதுதான். அதுக்கு யாரும் கை தட்டல. ஆனா இன்னிவரைக்கும் உடையல.

அதனால எடிட் பண்ற மகாராசங்களே, திறமை உங்ககிட்ட இருக்கு. நிறம் சரி பண்ணத் தெரியுது, சத்தத்தை ஒட்டுத் தெரியாம ஒட்டத் தெரியுது. அந்தத் திறமையை வச்சு ஒரு முடிவு எடுங்க. இந்த ஆஷ் ஹீரோவா, கோட்டை விடற ஆளா? ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, அதுக்கு உதவாத எல்லாத்தையும், அது உங்களுக்கு எவ்ளோ பிடிச்ச சீனா இருந்தாலும், வெளிய தள்ளுங்க. 75 நிமிஷத்துல ஒரு எடிட் போடுங்க, முதல் ஆளா நான் பார்க்கறேன்.

மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது 'எக்ஸ்டெண்டட்' எடிட்டை உங்ககிட்ட நீட்டினா, என்னென்ன சேர்த்தீங்கன்னு கேக்காதீங்க. எதைத் தூக்கிப் போட்டீங்கன்னு கேளுங்க. பதில் வந்தா பாருங்க.

டிஸ்கி: படமே பார்க்காதவங்க முதல்ல 81 நிமிஷப் பதிப்பு, ஒரு வாரம் கழிச்சு 96 நிமிஷப் பதிப்புன்னு பாருங்க. ரெண்டும் வேற வேற படம்னு உங்களுக்கே தோணும். தோணலைன்னா வந்து கும்முங்க, வாங்கிக்கறேன் :-)