தாழ்வும் தாங்கலும்

வண்டி என்பது சுமப்பதற்கென அமைந்த கருவி. அது செல்லும் நிலமோ மேடும் பள்ளமும் உடையது. இவ்விரண்டற்கும் இடையே நின்று, நிலத்தின் கடுமை சுமையைச் சாராதவாறு காப்பதே வில்லமைப்பின் தொழில். பட்டறைகளில் அதனைச் சஸ்பென்ஷன் என்று வழங்குவர். பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி, அவ்வில்லமைப்பினைக் குறைத்து, உடல் நிலத்தோடு ஒட்டுமாறு தாழ்த்தி ஓட்டுதல் இக்காலத்து இளைஞர் சிலர்க்குப் பெருவிருப்பமாக உள்ளது. இவ்விருப்பம் தக்கதோ, தக்கதாயின் எம்முறையால் நிறைவேற்றத்தக்கது என்பதனை ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இரும்பு வில்லோடு என்ன தொடர்பு என வினவுவாரும் இருப்பர். நம் பண்டைப் புலவர் வண்டியின் அச்சினைப் பாடாது விட்டாரல்லர் என்பதே அவர்க்கு எம் விடை.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வாணிகரின் வண்டியைக் காட்டுகின்றார். எருதுகள் இளையன, நுகத்திற்குப் பழகாதன. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டுள்ளது. எப்பள்ளத்தில் இறங்க நேருமோ, எம்மேட்டில் ஏற நேருமோ, அங்கு யாது நிகழுமோ, யார் அறிவார் என்று எண்ணி, உமணர் மற்றோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அதற்குச் சேமவச்சு என்பது பெயர். திருவள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மெல்லிய மயிற்பீலியேயாயினும் அளவு மிக ஏற்றினால் அச்சு முறியும் என்று உவமை காட்டினார். ஒருவர் ஒரு தலைவனைப் புகழவும், மற்றவர் அரசர்க்கு நீதி உரைக்கவும் வண்டியை எடுத்துக்கொண்டனர். எனினும் அவர்கள் அதனை நோக்கிய நோக்கு ஒன்றே. சுமை எவ்வளவு, வழி எத்தகையது, வண்டியின் வலி யாது என்னும் மூன்றுமே அவர்கள் கருத்தில் நின்றவை. வண்டியைத் தாழ்த்த விரும்புவார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்களும் இம்மூன்றே.

இனி, விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும், மற்றொருபால் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் சூழ அமைந்தது இப்பகுதி. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் உள்ளன. பொம்மைகளும், அகல்விளக்குகளும், மின்கருவிகட்குரிய பீங்கான் உறுப்புக்களும் அங்கே உருப்பெறுகின்றன. இவற்றைச் சுமக்கும் வண்டி பளுவையும் தாங்கவேண்டும். நொறுங்கும் தன்மையையும் காக்கவேண்டும். நெல்மூட்டை எவ்வளவு குலுங்கினும் நெல்லாகவே வந்து சேரும். சூளையில் வெந்த பொம்மை குலுங்கினால் ஓடாய்ப் போகும். எம் சுற்றத்தார் ஒருவரிடம் ஜீப்பின் வழிவந்த பழைய பிக்கப் வண்டி ஒன்றுண்டு. கார்த்திகைத் திருநாளை முன்னிட்டு அகல்களைச் சுமப்பதும், ஏனைய நாட்களிற் பெரும்பாலும் நிழலில் நிற்பதும் அதன் வாழ்க்கை. அதனைத் தாழ்த்தவேண்டும் என்று வீட்டின் இளையோரும், கூடாது என்று மூத்தோரும் வழக்காடினர். யாம் இதனை ஆராயப் புகுந்ததற்கு அவ்வழக்கே காரணமாயிற்று.

அவ்வண்டியில் நான்கு சக்கரங்கட்கும் கமான் பட்டை எனப்படும் தகட்டுவில்லே உள்ளது. வில் தன்மேல் ஏறும் சுமையின் அளவிற்கு ஏற்பவே வளையும் என்பது இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678இல் விளக்கி வெளியிட்ட விதி. இளையோர் முதலில் எண்ணியது பட்டைகளுள் ஒன்றைக் கழற்றிவிடும் வழி. ஒரே அளவான ஐந்து பட்டைகள் கொண்ட வில் ஒரு சுமைக்கு 8 செ.மீ. தாழ்வதாகக் கொள்வோம். ஒன்றனை நீக்கினால் அதே சுமைக்கு அது 10 செ.மீ. தாழும். ஐவர் சுமந்ததை நால்வர் சுமக்குமிடத்து ஒவ்வொருவர் தோளும் முன்னையிலும் கால் பங்கு மிகுதியாக வருந்துமன்றோ? மேலும், வெறுமையாக நிற்கும் வண்டி இம்முறையாற் சிறிதே தாழும். சுமை ஏறிய வண்டியோ பெரிதும் தாழும். காண்பார் கண்ணுக்கு வேண்டிய இடத்திற் குறைவும், சுமைக்கு வேண்டாத இடத்தில் மிகையும் தருவதால், இஃது அழகினை நாடுவார்க்கும் பயனை நாடுவார்க்கும் ஒருங்கே பொருந்தாது.

முன்புறத்திற் சுருள்வில் உடைய வண்டிகளில் அச்சுருளை அறுத்துக் குறைப்பாரும் உளர். இங்கு விளைவு தலைகீழாகும். சுருள் குறையுந்தோறும் வில் விறைக்கும். எட்டுச் சுருள்களில் இரண்டனை அறுத்தால், எஞ்சிய வில்லின் விறைப்பு முன்னையிலும் மூன்றில் ஒரு பங்கு மிகும். சக்கரம் மேலெழுந்து அசைதற்குரிய இடமோ குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குறுகிய வில் தன் இருக்கையை விட்டு நழுவுதலும் கூடும். நெருப்பாற் காய்ச்சி வில்லைத் தளரவிடுதல் இவை எல்லாவற்றினும் கொடிது. வில்லெஃகு தன் பதத்தைப் பெற்றது அளவறிந்து இட்ட வெப்பத்தால். அளவின்றிக் காய்ச்சினால் அப்பதம் கெடும். சூளையின் சூடு பிறழ்ந்தாற் கலம் கோணுவதனை அறிந்த ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், தாழ்த்தியே ஆகவேண்டும் என்பார் தெரிந்துகொள்ளத்தக்க முறை யாது? வில்லைக் குறையாமல், வில்லும் அச்சும் பொருந்தும் இடத்தை மாற்றுவதே அது. அச்சின் மேல் வில் அமர்ந்த வண்டியில், அச்சினை வில்லின் மேலாக மாற்றிப் பூட்டினால், அவ்விரண்டின் கனமும் சேர்ந்த அளவிற்கு உடல் தாழும். வில்லின் மென்மையோ மாறாது. முன்புறத்தில், சக்கரம் சுழலும் முளையைச் சற்று உயரத்தில் வைத்துச் செய்த உறுப்பினைப் பொருத்தினால், வில்லைத் தொடாமலே வண்டி தாழும். அமெரிக்காவில் 1960களின் ஷெவர்லே, ஃபோர்டு பிக்கப் வண்டிகளைத் தாழ்த்துவோர் இத்தகைய முறைகளைக் கையாளுகின்றனர். ஆயினும் பழைய சிறு ஜீப்பில் அச்சு தொடக்கத்திலேயே வில்லின் மேல் இருக்கின்றது. அங்கு இடம் மாற்றினால் வண்டி தாழாது, உயரும். ஒரு வண்டிக்குச் சொன்ன மருந்தை ஆராயாது மற்றொன்றுக்கு இடுவார் இதனை நினைவிற் கொள்க. மேலும், அச்சு மேலேறி வருங்கால் சேசிஸின் சட்டத்தில் முட்டாதிருக்க, அதனை அவ்விடத்தில் வளைவாக வெட்டி, வெட்டிய இடத்தை இரும்பால் வலுப்படுத்த வேண்டியும் வரும். வலுப்படுத்தாது வெட்டுதல் முதுகெலும்பை அறுப்பதற்கு ஒப்பாகும்.

உடல் தாழ்ந்தபின் ஏனைய உறுப்புக்களும் தம் நிலை மாறுகின்றன. எஞ்சினின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் கோணம் மாறும். பிரேக் குழாய்கள் உராயும் இடத்திற்கு வரலாம். ஸ்டியரிங் கோல்களின் சாய்வு மாறுவதால், மேடு பள்ளங்களிற் சக்கரம் தானே திரும்ப முற்படும். முன்னும் பின்னும் ஒத்துத் தாழாவிடின், முகவிளக்கின் ஒளி எதிர்வருவார் கண்ணிலேனும் தன் காலடியிலேனும் விழும். வழியின் தன்மையையும் எண்ணுதல் வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரசு வகுத்த நெறிப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உடையது; அதன் முதுகு மெல்லச் சரிவதால் சக்கரங்களும் அதனோடு ஏறி இறங்கும். நம் சிற்றூர்ச் சாலைகளிற் காணும் குறுகிய மேடுகளோ அத்தகையன அல்ல. முன்சக்கரம் கடந்து பின்சக்கரம் ஏறாத வேளையில், அம்மேட்டின் முழு உயரத்தையும் வண்டியின் வயிறு தாண்டவேண்டும். அதுவும் சுமையால் ஏற்கெனவே தாழ்ந்துள்ள வயிறு.

அழகும் ஒரு பொருளன்றோ என்று இளையோர் கேட்பர். பொருளே, அதனை யாம் மறுக்கவில்லை. பொம்மைக்குக் கண்ணெழுதும் கை பயன் ஒன்றையே கருதி எழுதுகின்றதா? இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் வாழ்ந்த மெக்சிக மரபினரான இளைஞர், பழைய கார்களை வாங்கி, பின்புறத்தில் மணல்மூட்டைகளை இட்டும் வில்லைக் குறைத்தும் தாழ்த்தி, மெல்ல ஓட்டிச் சென்றனர். செல்வமில்லார் தம் கைத்திறத்தாலே தெருவிற் பெருமிதத்துடன் செல்லக் கண்ட வழி அது. சக்கர விளிம்பின் அடிமட்டத்திற்குக் கீழ் வண்டியின் உடல் தாழலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 1950களின் பிற்பகுதியிற் சட்டம் செய்தது. அதன்பின் ரான் அகீரே என்பார், வேண்டும்போது தாழவும் வேண்டும்போது உயரவும் வல்ல எண்ணெய் விசை அமைப்பினைத் தம் காரிற் பொருத்தினார். அத்தடை 2024 சனவரி முதல் நாள் நீங்கியது. தாழ்வினை இத்துணை விரும்பிய அம்மக்களும், ஓடும்போது உயரம் வேண்டும் என்பதனை ஏற்றுக்கொண்டே அக்கருவியை மேற்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது. அன்றியும் அவை பீங்கான் சுமந்த வண்டிகள் அல்ல.

நம் நாட்டுச் சட்டமும் இதிற் கருத்தற்றிருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தோர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை உறுதிப்படுத்திற்று. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், இசைவில்லாத முறையில் உறுப்புக்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறையேனும், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமேனும், இரண்டுமேனும் விதித்துள்ளது. இதனை இளைஞர்மேல் ஏவிய கொடுமை என்பாரும் உளர். ஆனால் சாலை நமக்கு மட்டும் உரியதன்று. நம் வண்டியின் எதிரே சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவன், நாம் அறுத்த வில்லின் கதையை அறியான். ஆதலின் கருவியைக் கையில் எடுக்குமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து வாயிலாகக் கேட்டறிதல் கடமையாகும்.

எம் முடிவு இதுவே. உழைக்கும் வண்டியைத் தாழ்த்தற்க. தளர்ந்த பட்டைகளை மாற்றி, ஷாக் அப்சார்பர்களைப் புதுக்கி, செய்தோர் விதித்த உயரத்தில் அதனை நிறுத்துக. தாழ்வு வேண்டுமாயிற் சுமையைத் தாழ்த்துக. கனத்த பெட்டிகளை அடியில், இயன்றவரை இரண்டு அச்சுக்கும் இடையில் வைத்து, இடைவெளிகளில் வைக்கோல் செறித்து, கயிற்றாற் பிணித்தால், பாரத்தின் மையம் தாழ்ந்து திருப்பங்களில் வண்டி நிலைபெறும். தாழ்த்துவதால் வரும் மெய்ப்பயன்களுட் சிறந்தது, உடலை மாற்றாமலே இவ்வாறு ஒருவாறு கைகூடும். காட்சிக்கென்றே வைத்துள்ள வண்டியாயின், உரிய இசைவு பெற்று, வில்லின் அசைவைக் குறைக்காத முறையால், மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்கவாறு தாழ்த்துக. அறுத்த சுருளும் வெட்டிய சேசிஸும் மீளா. எம்மவர் வழக்கில் இரு சாராரும் பட்டைகளைப் புதுக்குதல் வேண்டும் என்பதில் முதற்கண் ஒன்றுபட்டனர். ஏனையது கார்த்திகை கழிந்தபின் ஆராயப்படும்.

தாழ்மையை நமக்குக் கற்பித்த ஆண்டவர், சீடருடைய கால்களைக் கழுவுதற்காகக் குனிந்தார். பிறரைத் தாங்குவதற்கென்று மேற்கொண்ட தாழ்வு அது. தோற்றத்திற்கு மட்டும் தாழ்ந்து, தாங்கும் வலியை இழந்துநிற்பதனை அப்பெயரால் அழைத்தல் பொருந்துமா? கல்லூரி விடுத்துத் தத்தம் ஊர் செல்லும் தோழர்கள், தந்தையரும் பாட்டன்மாரும் ஓட்டிய பழைய வண்டிகளைக் கண்டு மகிழ்வர். அவற்றைத் தம் விருப்பிற்கு இசைய மாற்றவும் எண்ணுவர். அவர்கள் உமணரைப் போலச் சுமையையும் வழியையும் முன்னர் எண்ணி, வண்டியின் வலியறிந்து, அதன்பின் செய்வன செய்வாராக.