அடுக்களைப் புகையும் அரசியல் கட்டுரையும்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல. சரியான வாதத்துக்கு மணிமேகலை காட்டும் உதாரணம் இது. காப்பியத்தின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தருகிறார். அதோடு நிற்காமல், சரிபோலத் தோன்றும் தப்பு வாதங்களையும் வகை பிரிக்கிறார். அவற்றுக்குப் பெயர் 'போலி'. காரணம் பிசகினால் ஏதுப்போலி. அதில் மட்டும் 14 வகை. காலைக் காபியோடு அரசியல் கட்டுரை படிப்பவர்களுக்கு இரண்டு போதும்.

முதலாவது, அநைகாந்திகம். பெயர்தான் பயமுறுத்தும். சொல்லும் காரணம் இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும், எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும் என்றால் அது இந்த வகை. 'கடல்போலக் கூட்டம், ஆகவே வெற்றி உறுதி' என்று தேர்தல் நேரத்தில் எழுதுவார்கள். ஜெயித்தவருக்கும் கூட்டம் வந்தது, டெபாசிட் இழந்தவருக்கும் வந்தது!

அடுத்தது விருத்தம். சொன்ன காரணம் முடிவுக்கு நேர் எதிரானதையே நிரூபிக்கும். 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 'எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் பெண்கள் கூட்டம். இலவசம் சோம்பேறி ஆக்கிவிட்டது' என்கிற ரீதியில் ஒரு வாதம் இன்றும் உலவுகிறது. காலை ஆறு மணி பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு நிற்பவர் எங்கே போகிறார்? வீட்டு வேலைக்கு, ஜவுளிக்கடைக்கு, சித்தாள் வேலைக்கு. சோம்பேறிக்கு அந்த நேரத்தில் பஸ் எதற்கு?

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. 'திட்டத்தைக் குறை சொல்பவர் பெண்களின் எதிரி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போக்குவரத்துக் கழகங்களின் வருமான இழப்பை அரசு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும், புதுப் பேருந்து வாங்க மிஞ்சுமா என்பது நியாயமான கேள்வி. கேட்டவரைத் திட்டினால் அதற்குப் பதில் கிடைத்துவிடாது.

கட்டுரையில் 'ஆகவே', 'எனவே' வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு முன்னால் இருக்கும் வரியை மறுபடி படித்தால் பாதிப் போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் செய்யலாம், குறுக்கெழுத்தைவிடச் சுவாரசியம். ஆனால், போலியைப் பிடித்த உற்சாகத்தில் முடிவும் பொய் என்று துள்ளக் கூடாது. மூடுபனியைப் புகை என்று நினைத்து ஒருவர் 'மலையில் நெருப்பு' என்று கத்தியிருக்கலாம். அன்றைக்கு மலையின் மறுபக்கம் நிஜமாகவே எரிந்துகொண்டும் இருக்கலாம்.