கேள்வி கேட்கும் மனைவி

கொலைக் கதைப் படங்களைப் பற்றி எழுதுவது இந்த இலக்கியப் பகுதிக்குத் தகுமா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தகும் என்பதே நமது துணிபு. ஜனங்கள் இலட்சக் கணக்கில் எதைப் பார்க்கிறார்களோ, எதைக் கொண்டு தம் வீட்டுப் பெண்களை அளக்கிறார்களோ, அதை விட்டுவிட்டு அணியிலக்கணம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் தோட்டத்துத் தொழிலாளிக்கோ, ஜார்ஜ் டவுன் கடைத்தெருவிலே கணக்கெழுதுபவருக்கோ என்ன பிரயோஜனம்? ஆகவே ஒரு கேள்வியைக் கேட்டே தீருகிறோம். நமது கொலைக் கதைகளில் மனைவிக்கு மூளை இருக்கலாகாதா?

பிற நாட்டாரைப் பாருங்கள். 1934-இல் அமெரிக்கர் எடுத்த ‘தின் மேன்’ படத்திலே, துப்பறியும் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த கணவனை மீண்டும் அத்தொழிலில் தூண்டிவிடுபவள் அவன் மனைவி நோரா. 1942-இல், பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கைவசம் இருந்தபோது, க்ளூஸோ என்ற பிரெஞ்சுக்காரர் ‘கொலைகாரன் 21-ஆம் எண்ணில் வசிக்கிறான்’ என்னும் படத்தை எடுத்தார். அதில் வென்ஸ் என்னும் இன்ஸ்பெக்டர் பாதிரியார் வேடம் பூண்டு ஒரு விடுதியில் போய்த் தங்குகிறார். அவரோடு வாழும் பாட்டுக்காரி மிலா, கொலைகாரனைத் தானே பிடித்துப் பெயரெடுக்க விரும்பி அதே விடுதிக்கு வந்து சேருகிறாள். படம் அவளைக் கேலி செய்கிறது, உண்மை. ஆயினும் அவள் வாயை அடைக்கவில்லை. இவை சீர்திருத்தப் பிரசங்கங்கள் அல்ல, வெறும் பொழுதுபோக்குகளே. பொழுதுபோக்கிலேகூட அவர்கள் பெண்ணுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1954-இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ தமிழ்ப் படக்கலைக்குப் பெருமை தேடித் தந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. பாட்டில்லை, நடனமில்லை, எஸ். பாலசந்தர் துணிந்து செய்த காரியம் அது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயத்தில், ராஜன் என்னும் ரேடியோ இஞ்சினியர் சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஒருவர் மாற்றி ஒருவர் மீது சந்தேகம் பாய்கிறது. முடிவில், ராஜன் நாட்டின் இரகசியங்களைப் பகைவருக்கு விற்றவன் என்பதும், குண்டு புறப்பட்டது அவன் மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியிலிருந்து என்பதும் வெளியாகின்றன.

நாம் கேட்கிறோம்: இக்கதையில் உண்மையாகத் துப்பறிந்தவர் யார்? சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமா? அவர் கண்டது ஒரு கொலையை. அதுவும் நடந்து முடிந்த பிறகு. உஷா கண்டதோ தேசத் துரோகத்தை. அதுவும் போலீசார் அவ்வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே, துரோகியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டே. ஆயினும் துப்பறிவாளர் என்ற பெயர் அவருக்கு, குற்றவாளி என்ற பெயர் இவளுக்கு! வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே அந்த அதிகாரியாகவும் நடித்தார். எழுதுகோலும் ஆண் கையில், துப்பும் ஆண் கையில். பண்டரிபாய் அம்மையாருக்கு மிஞ்சியது கண்ணீர்தான்.

பினாங்குத் தமிழருக்கு இது வெறுங்கதை அன்று. சென்னையில் குண்டு விழுவதற்கு ஏறக்குறைய இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1941 டிசம்பரில், ஜார்ஜ் டவுன் வீதிகளில் ஜப்பானியர் குண்டு விழுந்துவிட்டது. 1942-லும் 1943-லும் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. போனவன் எங்கே, எந்த முகாமில் விழுந்தான், இருக்கிறானா இறந்தானா என்று கிராணியிடமும், உயிரோடு திரும்பி வந்தவர்களிடமும் விசாரித்து விசாரித்துக் கிழவியானவர்கள் யார்? தோட்டத்து மனைவிமார் அல்லரோ? அவர்களுக்குத் துப்பறியத் தெரியாது என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை உண்டு?

பத்தாண்டு கழித்து, 1964-இல், ‘புதிய பறவை’ வந்தது. பிரிட்டிஷாரின் 1958-ஆம் ஆண்டுப் படமொன்றைத் தழுவிய கதை இது. மூலத்திலே குற்றவாளி பெண், துப்பறிபவர் ஆண். தமிழிலே அது தலைகீழாயிற்று; சிங்கப்பூர்ச் சீமான் கோபாலைக் கப்பலிலே சந்தித்துக் காதலிக்கும் லதா, உள்ளபடி போலீஸ்காரி. ‘ரஜூலா’ கப்பலில் பினாங்குத் துறைமுகம் விட்டு ஊருக்குப் போய் வந்த தலைமுறைக்கு அந்தக் கப்பல் பிரயாணம் எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. துப்பறியும் பெண் ஒருத்தியை அங்கே கண்டது நமக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் முடிவைப் பாருங்கள். கோபால் அறைந்த அறையில் அவன் மனைவி சித்ரா இறந்தாள். பிணத்தை ரயில் பாதையில் போட்டு மறைத்தான். உண்மை வெளிப்பட்டபோது கொட்டகையே அழுதது. யாருக்காக? அறை வாங்கிச் செத்தவளுக்காக அன்று, அறைந்தவனுக்காக! சித்ராவைக் குடிப்பவளாகவும் அடங்காதவளாகவும் முன்கூட்டியே காட்டிவிட்டதால், அவள் சாவு சாவாகவே தோன்றவில்லை. உண்மையைக் கண்ட லதாவோ வஞ்சகி என்று தூற்றப்பட்டாள். சிவாஜி கணேசனின் நடிப்பாற்றலை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்த ஆற்றலே நம் நியாய உணர்ச்சியை மயக்கிவிட்டது என்றுதான் சொல்லுகிறோம்.

“மனைவி கணவனைத் துப்பறியத் தொடங்கினால் குடும்பம் என்னாகும்?” என்று பெரியோர் சிலர் கேட்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் இதற்கு ஏன் அஞ்சவேண்டும்? சம்பள நாளில் கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போயிற்றா, வட்டிக்காரனிடம் போயிற்றா என்று கேட்பவளை வாயாடி என்கிறோம். கேட்காதவளைக் குலவிளக்கு என்கிறோம். அந்தக் குலவிளக்கு ஒருநாள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால், வழுக்கி விழுந்தாள் என்று அக்கம்பக்கம் சொல்லுகிறது, துப்பறிவார் ஒருவருமில்லை. இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல்தான் அமலுக்கு வந்தது. சட்டம் வந்துவிட்டது, வாய் திறக்கும் வழக்கம் வந்ததா?

எழுதப் பெண்களுக்குத் திறமையில்லை என்பதும் பொய். 1908-இல் ‘ராஜாம்பாள்’ எழுதிய ரங்கராஜு, துப்பறியும் வேலையைக் கோவிந்தன் என்னும் ஆடவனுக்கே கொடுத்தார் என்பது மெய்தான். ஆனால் குழந்தைப் பருவத்திலே மணமுடிக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி அம்மாள், 115 நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்திக் காட்டினாரே! அவ்வழி வந்த சகோதரிகள் இன்று பினாங்கிலும் புறாயிலும் கூலிமிலும் இல்லாமலா போய்விட்டார்கள்?

படமெடுப்போரிடமும் கதை எழுதுவோரிடமும் நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. கொலைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. உத்தியோக உடையும் காதல் வேஷமும் இல்லாமல், அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, “இது எப்படி நடந்தது?” என்று கேட்கும் ஒரு சாதாரண மனைவியைக் காட்டுங்கள். அவள் கேட்டதற்காக அவளைத் தண்டிக்காதீர்கள். நேயர்களே, அப்படியொரு படம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவு உங்கள் வீட்டிலே அவள் ஒரு கேள்வி கேட்டால், கோபிக்காமல் பதில் சொல்லுங்கள்.