கவர்னர் தூங்கக் கூடாது

மேட்டூர் அனல்மின் நிலையமும் இமயமலையின் தெஹ்ரி அணையும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை: மின்னோட்டத்தில் நொடிக்கு 50 அலைகள். எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றுபோனால் அந்தத் தாளம் நாடு முழுக்கச் சற்றே இறங்கும். டெல்லியின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன் வரட்டும் என்று எந்த டர்பைனும் காத்திருக்க முடியாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் கவர்னர் என்ற கருவி, தன் டர்பைன் சுழலும் வேகத்தை மட்டும் பார்த்து, நீராவி அல்லது நீர் வரும் வால்வை ஒரு துளி கூடுதலாகத் திறக்கிறது. நூற்றுக்கணக்கான கவர்னர்கள், ஒன்றோடொன்று பேசாமலேயே, பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சரிவு நிற்கிறது. கட்டுப்பாட்டு மையத்தின் வேலை அதற்குப் பிறகுதான்.

இந்த ஒத்துழைப்பை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்பது என் ஆதங்கம். 2012 ஜூலை 30 அன்று வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் மீண்டும் விழுந்தபோது கிழக்கும் வடகிழக்கும் கூடவே சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. கவர்னர்கள் உரியபடி இயங்கவேண்டும் என்று விசாரணைக் குழு அப்போதே வலியுறுத்தியது. தெற்கு அன்று அந்தத் தாளத்தில் சேராததால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே நாமும் சேர்ந்தோம், சேர்ந்தது சரியே. ஆனால் இப்போது வரும் சூரியமின் பண்ணைகளில் சுழலும் டர்பைன் கிடையாது. அவற்றின் இன்வெர்ட்டர்களும் தாளம் இறங்கும்போது தோள் கொடுத்தாக வேண்டும். அதைச் சலுகை பேசித் தள்ளிப்போடக் கூடாது.