உடைஞ்ச ஊசியும் நான் போட்ட மார்க்கும்



"ரிடையர் ஆயும் பையத் தூக்கிட்டுத் திருப்பூருக்கு எதுக்குங் டீச்சர் போறீங்க?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

2015-ல் மத்திய அரசு பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சொல்லிக்கொடுத்தவரே மார்க் போட முடியாது. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வரவேண்டும். தையல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அதற்கான பயிற்சியில் தேறி, தையல் மெஷின் ஆபரேட்டர் பேட்சுகளுக்குப் போகிறேன்.

வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு, தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழியும் இதில் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒரு அம்மா, இருபது வருஷமாகப் பவர்டேபிளில் தைக்கிறவர். படிப்பு அஞ்சாவதோடு சரி. தேர்வு நடுவே ஊசி உடைந்தது. மெஷினை நிறுத்தினார். துணி, மேஜை, தரை எல்லாம் தேடித் துணுக்குகளைப் பொறுக்கி, காகிதத்தில் வரிசையாக வைத்து, முழு ஊசியும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகுதான் புது ஊசி கேட்டார்.

பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது புரியும். குழந்தைச் சட்டையில் ஒரு துணுக்குத் தங்கினால் என்ன ஆகும்? ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த ஊசி முழுதாய்க் கிடைக்காவிட்டால் அந்தத் துணிகளையே ஒதுக்கிவைத்துத் தேடுவார்கள். "எனக்கும் சர்டிபிகேட் குடுப்பாங்களாங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொரு சென்டரில் 25 பெண் பிள்ளைகள். பத்துப் பேருக்கு நேர்த் தையலே வரவில்லை. அதில் ஒருத்தி உடைந்த ஊசியைக் கையால் தள்ளிவிட்டு, பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், யாரும் சொல்லித் தரவில்லை. டீ கொண்டுவந்த பொறுப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "ஏழப் புள்ளைங்க, பாத்துப் போடுங்க டீச்சர்." பிள்ளைகள் தேறினால்தான் சென்டருக்கு அடுத்த தவணைப் பணம் என்பதை அவர் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் 32 எடுத்தவர்களுக்கு 35 போட்டவள்தான் நான். இதைப் படிக்கிற சிலருக்கே அது தெரியும் (சிரிக்காதீங்க!). அங்கே அடுத்த வருஷம் இன்னொரு டீச்சர் இருந்தார். இங்கே திங்கட்கிழமையே அந்தப் பிள்ளை லைனில் உட்காரவேண்டும். சூப்பர்வைசர் இரண்டு நாளில் திருப்பி அனுப்புவார். அந்த அம்மா வாங்கிய காகிதத்துக்கும் மதிப்புப் போய்விடும்.

பத்துப் பேருக்கும் ஃபெயில் போட்டேன். மறுதேர்வு உண்டு என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். ராத்திரி எனக்கும் தூக்கமில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பேட்ச் எதுவும் எனக்கு வரவேயில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்பளம் பேட்ச் கணக்குத்தான். பஸ் செலவு நம்முடையது, பணம் வர மாசக்கணக்காகும். பென்ஷன் இருப்பதால் எனக்கு ஓடுகிறது. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற மதிப்பீட்டாளர், பொறுப்பாளர் நீட்டும் டீயை எத்தனை நாள் தாங்குவார்? நியாயமாக மார்க் போடச் சொல்கிறவர்கள், போட்டவருக்கு அடுத்த பேட்ச் நிற்காமலும் பார்க்கவேண்டும்.

நம் பிள்ளைகளில் வருஷக்கணக்காகத் தைக்கிறவர்கள் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் போடுங்கள் கண்ணு, எப்படிப் பதிவு பண்ணுவதென்று சொல்கிறேன். நாளைக்குப் பல்லடத்தில் பேட்ச், காலை ஆறரை பஸ்.